மழைக்கு நான்கு எல்லை

கூரையின் கடைசி ஓலை கீழே இறங்கிய நேரம் பார்த்துத்தான் அப்புத்துரை மழை கேட்டு வந்தார்.

அவர் தனியாக வரவில்லை. பின்னால் வயல் செய்யும் கமக்காரர் சிலரும் வந்திருந்தார்கள். எல்லோரும் வாசல் படலையடியில் செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தைக்கு வந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். விறாந்தைக்கு மேலே வானம் இருந்தது.

"என்ன மனேச்சர், கூரை எங்கை?"

"பிரிச்சாச்சு. ஓடு போடப்போறம்" என்றார் தியாகலிங்கம்.

அவர் பிள்ளையார் கோயில் மனேச்சர். அதற்கு முன் நெடுங்காலம் ஊர்காவற்றுறையில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதி எழுதும் லிகிதராக இருந்தவர். ஓய்வுபெற்று நெடுந்தீவுக்குத் திரும்பிய நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான்: வருடாவருடம் பனையோலை வேய்கிற வீட்டுக்கு ஒருமுறை ஓடு போட்டுவிட்டால் பிறகு அண்ணாந்து பார்க்கவே வேண்டாம். ஓடு தாங்கும் சிலாகை எல்லாம் அடித்தாயிற்று. ஓடு லொறியில் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்கு வந்து இறங்கியாயிற்று. படகுக்கார இராசநாயகத்தின் வத்தை மறுநாள் மத்தியானம் அதை ஏற்றிவரும் என்பது ஏற்பாடு. அந்த நம்பிக்கையில்தான் ஓலை இறங்கியது.

"நாங்கள் வந்த விசயம் உமக்குத் தெரியும்தானே" என்றார் அப்புத்துரை. "புழுதியில விதைச்ச நெல்லு அப்பிடியே கிடக்கு. எறும்பு இழுக்குது. இனியும் மழை இல்லையெண்டால் விதைநெல்லும் போச்சு. நாளைக்குப் பிள்ளையாரைத் தண்ணியில இருத்துவம்."

அந்தக் குறிச்சியில் அது பழைய வழக்கம். மழை பொய்த்தால் கருவறையிலிருந்து தண்ணீர் வெளியேறும் கோமுகையை அடைத்துவிட்டு, பிள்ளையார் மூழ்கும்வரை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். மழை பெய்தால்தான் கோமுகை திறக்கப்படும். பிள்ளையாருக்கு வேறு வழி கிடையாது. முதல் குடத்தை ஊற்றவேண்டியவர் மனேச்சர்.

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இஞ்சேருங்கோ, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

தியாகலிங்கம் போனார். குசினி தனிக் கொட்டில்; அதற்கு மட்டும் கூரை இருந்தது. மனைவி சறோஜினிதேவி அடுப்படியில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள்.

"ஓடு ஏறுமட்டும் பொறுக்கச் சொல்லுங்கோ."

"எப்பிடிச் சொல்லுறது? அவையின்ர நெல்லு புழுதிக்குள்ள கிடக்கு."

"எங்கட அலுமாரி வெளிக்குள்ள கிடக்கு. சுவர் முழுக்கக் களிமண். மழை பெய்தால் கல்லுத்தான் மிஞ்சும்."

"நாளைக்கு ஓடு வந்திடும். மழை என்ன, கேட்ட உடன வந்திடுமோ?"

"வராதெண்டால் ஏன் கேக்கினம்?"

 பேசுவதை விட யோசிப்பது அவருக்கு எளிது. யோசித்துக்கொண்டே விறாந்தைக்குத் திரும்பினார். அங்கே அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

படலையைத் தாண்டும்போது அப்புத்துரை ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது போலத் தெரிந்தது. ஏன் என்று தியாகலிங்கத்துக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலை கோயிலில் விளங்கியது.

முதல் குடத்தை அவர் தூக்கியபோது பெண்கள் பகுதியில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அப்புத்துரை முன்னால் வந்து சத்தமாகச் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்கோ. நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு குடம் தண்ணிதான் ஊத்திறம். மனேச்சர் என்ன செய்தவர் தெரியுமோ? நாங்கள் போய்க் கேக்கமுன்னமே தன்ர வீட்டுக் கூரையைப் பிரிச்சுப்போட்டு, மழை வந்து என்ர தலையில விழட்டும் எண்டு வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். இதல்லோ நேத்திக்கடன்!"

"அது ஓடு..." என்றார் தியாகலிங்கம்.

"ஓடு பிறகு போடுவார்" என்றார் அப்புத்துரை. "மழை வந்த பிறகு."

குடம் கையில் கனத்தது. தியாகலிங்கம் ஊற்றினார்.

மத்தியானம் அவர் துறையில் போய் நின்றார். கடல் கண்ணாடி போலக் கிடந்தது. வத்தை வரவில்லை. பின்னேரம் ஆட்களை ஏற்றும் லோஞ்ச் வந்தது. அதிலிருந்து பரிமளம் இறங்கினாள். அவள் தெற்கு வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. புங்குடுதீவில் மகளைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

"பரிமளம், குறிகட்டுவானில ராசநாயகத்தைக் கண்டனீரோ?"

"கண்டனான் அண்ணை. உங்கட ஓடு முழுக்க வத்தையில ஏத்திக் கிடக்கு. ஆனால் இப்ப வர ஏலாதாம். 'காரணம் அண்ணைக்கே தெரியும், வெளியில கதைக்கத் தேவையில்லை' எண்டவன்."

தியாகலிங்கம் தலையாட்டினார். அது எண்பத்து நான்காம் ஆண்டு. அந்த வருடம் தீவுக்கு எது வராவிட்டாலும் காரணம் ஒன்றுதான், கடலில் மறிக்கும் கடற்படை. சீனி வராவிட்டாலும் நேவி, கடிதம் வராவிட்டாலும் நேவி, மாப்பிள்ளை வராவிட்டாலும் நேவி. வெளியில் கதைக்கத் தேவையில்லாததும் அதுதான்.

"எனக்கும் உங்களோட ஒரு கதை இருக்கு" என்றாள் பரிமளம். "பனாட்டுப் பாய் விரிச்சுக் கிடக்கு. பனங்களி இன்னும் காயேல்ல. இந்த நேரம் பாத்து நீங்கள் மழை கேக்கிறியள் எண்டு குறிகட்டுவான் முழுக்கக் கதை. என்ர பனாட்டு நாறினால் ஆர் பொறுப்பு?"

தியாகலிங்கத்துக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது. தீவிலேயே அவரைப் போல மழை வேண்டாத இன்னொரு சீவன். ஆனால் பக்கத்தில் லோஞ்சால் இறங்கிய கமக்காரர் நின்றார்கள்.

"ஊருக்குப் பொதுவான நன்மை எண்டு ஒண்டு இருக்கு, பரிமளம்" என்றார். "ஒருத்தற்றை பனாட்டுக்காக ஊர் பட்டினி கிடக்கேலாது."

"நீங்கள் வீட்டையே விட்டுக்குடுத்த ஆள். உங்களோட நான் கதைக்கேலுமோ?" என்றுவிட்டுப் பரிமளம் போனாள்.

அன்றிரவு புருசனும் பெண்சாதியும் குசினிக்குள் பாய் விரித்துப் படுத்தார்கள். அலுமாரி, கட்டில், கதிரை எல்லாம் வெளிக்குள் இருந்தன. காலையில் ஹெலிகொப்டர் ஒன்று வீட்டுக்கு மேலால் தாழப் பறந்து போனது.

"பாத்தீங்களோ" என்றாள் சறோஜினிதேவி. "ஹெலிக்காறன் எங்கட அலுமாரிக்குள்ள என்ன கிடக்கு எண்டு கணக்கெடுத்துக்கொண்டு போறான். பழைய ஓலையையாவது தூக்கிப் போடுங்கோ."

அவர் ஏணியைச் சாத்தி, இறக்கிய ஓலையில் நல்லதாகச் சிலதைப் பொறுக்கி ஏறினார். நாலாவது ஓலை வைப்பதற்குள் ஒழுங்கையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.  வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர், "பாவம், அவரும் மனிசன்தானே, எவ்வளவு நாளைக்குத்தான் தாங்கும்" என்றார். இன்னொருவர், "ஓலையை வைச்சால் கேட்ட மழையைத் திருப்பி அனுப்பினமாதிரி எல்லோ" என்றார்.

தியாகலிங்கம் ஏணியின் உச்சியில் நின்று யோசித்தார். ஒரு மனிதன் தன் வீட்டுக்கு ஓலை வைப்பது ஊர்த்துரோகம் ஆகிவிட்ட கணம் எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. நாலு ஓலையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒழுங்கையில் நின்றவர்கள் கும்பிட்டார்கள்.

"என்னப்பா, இறங்கிட்டியள்?" என்றாள் சறோஜினிதேவி.

"காத்து" என்றார்.

ஓலை சரிவராது என்றானபின் அவர் கோமுகையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். அதைச் சீலையும் களிமண்ணும் வைத்து அடைத்தவர் அவர்தான். மழை வருவது பிள்ளையார் மூழ்குவதில் தங்கியிருந்தால், மூழ்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஓடு வரும்வரைதான். அது ஏமாற்று இல்லை, தாமதம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நொத்தாரிசிடம் வேலை செய்தவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

மத்தியானப் பூசை முடிந்து ஐயர் சாப்பிடப் போன நேரத்தில், வெளிவீதியால் சுற்றிப் போய்க் கோமுகை வாயில் ஒரு தடியை விட்டுச் சீலையைக் கொஞ்சம் நெகிழ்த்தினார். ஒரு விரல் பருமனில் தண்ணீர் வழிந்தது. பிள்ளையாரின் நெஞ்சுவரை நின்ற தண்ணீர் பின்னேரம் மடிக்கு இறங்கிவிட்டது.

பின்னேரப் பூசைக்கு மணி அடித்தபோது ஊரே அங்கே நின்றது.

"தண்ணி எங்கை?" என்றார் அப்புத்துரை.

யாரோ ஒரு பெண் சொன்னாள்: "பிள்ளையார் குடிச்சிட்டார்!"

 கோயில் முழுக்க அரோகரா எழுந்தது. சாமிக்கே தாகம் என்றால் ஊரின் நிலை என்ன என்று அழுதார்கள். நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து கோயில் வரை வரிசை நின்றது. தண்ணீர் நெஞ்சைத் தாண்டித் தும்பிக்கையின் வளைவைத் தொட்டது. குடிக்கவைத்திருந்த தண்ணீரையும் கொண்டுவந்து ஊற்றினார்கள். சறோஜினிதேவிகூட ஒரு குடம் ஊற்றினாள். ஊற்றாமல் விட்டால் கதைப்பார்கள்.

கூட்டம் கலைந்தபின் அப்புத்துரை கோமுகையைச் சுற்றிப் பார்த்தார். கீழே மணல் ஈரமாக இருந்தது.

"சீலை நெகிழ்ந்திருக்கு" என்றார். "பிள்ளையார் குடிச்சது கொஞ்சம், ஒழுகினது மிச்சம். நீர் யோசிக்காதையும், என்னட்டைச் சீமெந்து கிடக்கு."

அவர் தன் கையாலேயே பூசினார். இனி அதை உளியால்தான் உடைக்கலாம். தியாகலிங்கம் பக்கத்தில் நின்று அவருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தார்.

மேற்கே கடலுக்கு மேல் ஒரு மேகம் வந்து நின்றது. பெரிதில்லை. பரிமளத்தின் பனாட்டுப் பாயளவுதான் இருக்கும். ஆனால் அது போகவில்லை.

மறுநாள் பரிமளம் மறுபடியும் புங்குடுதீவுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு அவர் வேலியடிக்குப் போனார்.

"ராசநாயகத்திட்டைச் சொல்லும், எப்பிடியாவது ஓட்டைக் கொண்டுவரச் சொல்லி. அக்கா அழுறா எண்டு சொல்லும். நான் கேட்டதெண்டு சொல்லும்."

பின்னேரம் பதில் வந்தது. "'அண்ணை கலங்கவேண்டாம், அவர் என்ன சொல்லி அனுப்பினாலும் நான் விட்டுக்குடுக்க மாட்டன்' எண்டு சொல்லச் சொன்னவன்."

இராசநாயகம் தனக்காக நேவியோடு மல்லுக்கட்டுகிறான் என்று நினைக்கத் தியாகலிங்கத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. ஆனால் மேற்கே இப்போது மேகங்கள் பாயளவில் இல்லை.

அவர் சிவசிதம்பர ஐயரிடம் போனார். ஐயர் வசந்தமண்டபத் தூணடியில் இருந்து விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு விசயம் கேக்கவேணும்."

"கேளும்."

தியாகலிங்கம் கேட்கவில்லை. ஐயர் ஒரு விளக்கைத் துடைத்து முடித்து அடுத்ததை எடுத்தார்.

"கேளுமன்."

"மழை வேணுமெண்டு கேக்கலாமெண்டால், வேண்டாமெண்டும் கேக்கலாமோ?"

"ஆருக்கு வேண்டாம்?"

"பொதுவாக் கேக்கிறன்."

ஐயர் அவரைப் பார்த்தார். பிறகு மதிலுக்கு மேலால் தெரிந்த, கூரையில்லாத வீட்டைப் பார்த்தார்.

"அப்பிடிக் கேக்கிறது பாவம். கமக்காரன்ர வயித்தில அடிக்கிறது."

"சரி. எல்லாரும் சேந்து மழையைக் கேட்டு, வந்த மழையில ஒருத்தன்ர வீடு கரைஞ்சு போனால்? அது ஆரின்ர பாவம்?"

ஐயரின் கை நின்றது. இந்தக் கேள்வி இதுவரை யாரும் அவரிடம் கேட்காதது.  கருவறைக்குள் ஒரு தவளை தண்ணீரில் குதித்த சத்தம் கேட்டது.

"அது கேட்ட ஆக்களின்ர பாவம்தான்" என்றார் ஐயர் கடைசியில். "ஆனால் கனபேர் சேந்து கேட்டபடியால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்."

"முன்னுக்கு நிண்டு கேட்டவருக்கு?"

"அவருக்குக் கொஞ்சம் கூட வரும்."

தியாகலிங்கம் அதையும் யோசித்தார். வீடும் போய், பாவமும் கூட வருவது நியாயமாகத் தெரியவில்லை.

"வயலுக்குப் பெய்யட்டும், ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் வேண்டாம் எண்டு கேட்டால்?"

"அதில ஆருக்கும் நட்டமில்லை. கேக்கலாம். ஆனால் சங்கற்பத்தில பேரும் நட்சத்திரமும்தான் சொல்லுறது. எந்த இடம் எண்டு பிள்ளையாருக்கு எப்பிடித் தெரியும்?"

"இடத்தை நான் சொல்லுறன்" என்றார் தியாகலிங்கம். அந்த நாலு நாளில் அவர் குரல் உறுதியாக ஒலித்தது அப்போதுதான்.

கருவறை வாசலில் நின்று, கையில் தேங்காயுடன், மனப்பாடமாகச் சொன்னார்:

"யாழ்ப்பாண மாவட்டம், நெடுந்தீவு, கள்ளியடைப்பு என்னும் பெயருடைய காணி. பரப்பு நாலு. கிழக்கு ஒழுங்கை. வடக்கு அப்புத்துரை. மேற்கு கோயில் காணி. தெற்கு பரிமளம். இதற்குள் அடங்கிய வீடு, கிணறு, வடக்கு வேலியோடு நிற்கும் பனை உட்பட."

எல்லை தெளிவாக இல்லாத எதுவும் செல்லாது என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம். கழுத்தளவு தண்ணீரில் நின்ற பிள்ளையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தேங்காய் இரண்டாக நேராக உடைந்தது. தியாகலிங்கம் மனம் நிறைந்து திரும்பியபோது தூணுக்குப் பின்னால் பரிமளம் பூக்கூடையுடன் நின்றாள். பனாட்டைக் காப்பாற்றச் சொல்லிக் கும்பிட வந்தவள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் கதை சேர்ந்துவிட்டிருந்தது. சறோஜினிதேவி படலையிலேயே மறித்தாள்.

"கூரையைத்தான் குடுத்தியள் எண்டு பாத்தால், இப்ப வீட்டையும் காணியையும் கோயிலுக்கு எழுதியாச்சோ?"

"ஆர் சொன்னது?"

"பரிமளம் காதால கேட்டிருக்கிறாள். நாலு எல்லையும் சொல்லித் தேங்காய் உடைச்சனீங்களாம். ஒரு மனிசன் கோயிலுக்குள்ள நிண்டு எல்லை சொல்லுறதெண்டால் அது காணி குடுக்கிறதுக்கெல்லோ?"

அவர் அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னார். மழை எங்கும் பெய்து, தங்கள் வளவுக்குள் மட்டும் பெய்யாமல் இருக்கக் கேட்டதைச் சொன்னார்.

சறோஜினிதேவி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இதை வெளியில சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். "காணியைக் குடுத்ததெண்டே இருக்கட்டும்."

அதற்குள் வடக்கு வேலிக்கு மேலால் அப்புத்துரையின் தலை தெரிந்தது.

"மனேச்சர்! இஞ்சை வாரும். காணியைப் பிள்ளையாருக்குக் குடும், சந்தோசம். என்ர பனையைக் குடுக்க நீர் ஆர்?"

"அது என்ர பனை."

"வேலிக்கு எந்தப் பக்கம் சரிஞ்சு நிக்குது எண்டு பாரும்."

"அடி என்ர பக்கம்."

"பனம்பழம் என்ர பக்கமெல்லோ விழுகுது? உம்மட அப்பு இருக்கேக்கையே இது தீர்ந்த கதை. இப்ப சாமிக்கு முன்னால எல்லையை மாத்திச் சொல்லிப்போட்டீர். நாளைக்கு நான் பிள்ளையாரோடயோ வழக்குப் பேசிறது?"

"நான் காணி ஒண்டும் குடுக்கேல்ல" என்றார் தியாகலிங்கம் களைத்துப்போய்.

"அப்ப ஏன் எல்லை சொன்னனீர்?"

 தியாகலிங்கம் என்ன சொல்வதென்று யோசித்தார். உண்மையைச் சொன்னால் ஊர் மழைக்கு வேட்டு வைத்தவர் என்ற பெயர் சாகும்வரை போகாது. யோசனை நீண்டது. அப்புத்துரையின் முகம் மெல்ல மாறியது. கோபம் வடிந்தது.

"விளங்குது" என்றார்.  "இப்ப விளங்குது. மழை முதல்ல எங்கை இறங்கவேணும் எண்டு பிள்ளையாருக்கு இடம் காட்டியிருக்கிறீர். கூரையைப் பிரிச்சதும் காணாதெண்டு, நாலு எல்லையும் சொல்லி மழையை வீட்டுக்குள்ள கூப்பிட்டிருக்கிறீர்!"

"இல்லை, நான்..."

"கதைக்காதையும். பனையும் உம்மடதாவே இருக்கட்டும்."

இரண்டு தலைமுறை வழக்கு அந்த இடத்தில் முடிந்தது. தியாகலிங்கம் வென்ற ஒரே வழக்கு அது. அந்தப் பனையைப் பார்த்துக்கொண்டு அவர் வேலியடியில் இருட்டும்வரை நின்றார்.

மழை மறுநாள் காலை வந்தது.

முதலில் காற்று. பிறகு மேற்கே கடல் மறைந்தது. வயலில் நின்றவர்கள் ஓடவில்லை. கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். பரிமளம் பனாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். தியாகலிங்கமும் சறோஜினிதேவியும் அலுமாரியைக் குசினிக்குள் இழுக்கப் பார்த்தார்கள். அது வாசலில் இறுகிக்கொண்டது. அதன் பின் அவர்கள் வெளியேயும் போகமுடியவில்லை, அலுமாரி உள்ளேயும் வரவில்லை. அலுமாரிக்கும் நிலைக்கும் இடையில் இருந்த வெளியால் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

புதுச் சிலாகைகளுக்கு ஊடாக மழை நேராக உள்ளே இறங்கியது. முதலில் சுவரின் வெள்ளை போனது. பிறகு களி கரைந்து சிவப்பாக விறாந்தையால் ஓடியது. மத்தியானமளவில் அறையின் தெற்குச் சுவர், அவசரப்படாமல், ஒரு வயதானவர் பாயில் சாய்வதுபோல முற்றத்தில் சாய்ந்தது.

சறோஜினிதேவி அழவில்லை. "நெல்லு முளைச்சிடும்" என்றாள்.

"ஓம்" என்றார் அவர். அதில் அவருக்குச் சந்தோசமும் இருந்தது. அதை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

மழை தணிந்ததும் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. அப்புத்துரை உளியால் கோமுகையை உடைத்துப் பிள்ளையாரை விடுவித்துவிட்டு, ஐயரையும் ஊரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அலுமாரியை இழுத்து மனேச்சரை வெளியே எடுத்து, மாலை போட்டு, சேற்றில் கால் வைக்கவிடாமல் இரண்டு பேர் தூக்கினார்கள். விழுந்த சுவரைக் கண்டதும் சிலர் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தி அந்தக் களிமண்ணில் ஒரு பிடி எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"சொன்னமாதிரியே முதல் துளி இந்த நாலு எல்லைக்குள்ளதான் விழுந்தது. நான் என்ர கண்ணால கண்டனான்" என்று அப்புத்துரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஐயர் மட்டும் தியாகலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த நாள் வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. துறையிலிருந்து ஆள் ஓடிவந்தது: வத்தை வந்திருக்கிறது. தியாகலிங்கம் மாலையின் நார் இன்னும் கழுத்தில் கிடக்கத் துறைக்குப் போனார்.

விளிம்புவரை ஓடு அடுக்கிய வத்தை தண்ணீரில் தாழ்ந்து நின்றது. ஒரு ஓடுகூட உடைந்திருக்கவில்லை. இராசநாயகம் கயிற்றைக் கட்டிவிட்டு, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கி, கோயில் வாசலில் நிற்பவனைப்போல் கைகூப்பி நின்றான். தியாகலிங்கம் அவன் தோளைப் பிடித்தார். 

"பாவம் நீ, எவ்வளவு கரைச்சல் பட்டிருப்பாய். கடைசியா நேவி விட்டிட்டானோ?"

இராசநாயகம் நிமிர்ந்து பார்த்தான்.

"நேவியோ? அவங்கள் எங்கை மறிச்சவங்கள், அண்ணை? கூரையைப் பிரிச்சு மழைக்கு நேத்தி வைச்ச மனிசன்ர வீட்டில நான் ஓட்டைக் கொண்டுவந்து இறக்கினால் மழை வருமோ? அக்கா அழுது பிடிக்கிற ஆய்க்கினையிலதான் நீங்கள் ஆள் விடுறியள் எண்டு எனக்கு விளங்கினது. அதுதான் உங்கட நேத்தி நிறைவேறுமட்டும் ஓட்டை வத்தையில ஏத்திவைச்சுக்கொண்டு, கயிறு அவிழ்க்காமல் காவல் இருந்தனான்!"